யோசனைக்காரி வெளியே வந்தாள்

தண்ணீர் டம்ளரை நீட்டிய சின்னவளை நிமிர்ந்து பார்த்த எதிர்வீட்டுக்காரர் கையிலிருந்த மாலையைப் பொத்தென்று கீழே போட்டார். கூடத்தில் படுக்கவைத்திருக்கும் அதே முகம், அதே மூக்கு, தாடையில் அதே குழி, எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தால் யாருக்குத்தான் ஈரக்குலை நடுங்காது?

"பயப்படாதீங்க. நான் சின்னவ," என்றாள்.

"ஐயோ, மன்னிச்சுக்கம்மா. தெரியும். தெரிஞ்சும் ஒரு நிமிஷம்…" என்று டம்ளரை வாங்கிப் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு மீதியைக் குடித்தார்.

காலையிலிருந்து இதே கூத்துதான். ஒரு அம்மாள் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள். பெரியவளின் பள்ளித் தோழி ஒருத்தி கூடத்தையும் சமையலறையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாசலுக்குத் திரும்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். பெரியவள் மட்டும் இதைப் பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அந்த நினைப்பில் சின்னவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

இரட்டைப் பிள்ளைகள். கொஞ்சம் முந்திக்கொண்டு வந்ததால் அவள் பெரியவள், பின்னால் வந்ததால் இவள் சின்னவள். பெரியவள் மீன் ஆராய்ச்சிக்குப் போனாள். சின்னவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்தாள். நேற்று மத்தியானம் பெரியவள் வீட்டு மாடிப்படி ஏறும்போது தலையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் இருங்க" என்று கணவனிடம் சொல்லிப் படியிலேயே உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர்.

கூடத்தில் அத்தை அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தையின் ஆறுதலைக் கேட்பதற்கு அழுதே தீர்த்துவிடலாம்.

"மனச விட்டுடாதீங்க அண்ணி. கடவுள் ஒண்ணைப் பறிச்சாலும் அதே அச்சுல இன்னொண்ணை விட்டு வெச்சிருக்கான். இவ மூஞ்சியைப் பாத்தே நீங்க காலத்தை ஓட்டிடலாம்."

வீட்டுச் சாவி தொலைந்தால் பரவாயில்லை, மாற்றுச் சாவி ஆணியில் தொங்குகிறது என்பதுபோல இருந்தது அது. சின்னவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அவள் பயந்தது அத்தையை நினைத்து அல்ல, அம்மாவை நினைத்துத்தான். நேற்றிலிருந்து அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கூடத்தில் கிடப்பவள் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அந்த நிம்மதிதான் பயமாக இருந்தது.

அப்பா சாகும்வரை இவர்களை மாற்றி மாற்றித்தான் கூப்பிட்டார். வாத்தியார்கள் ஒருத்தி செய்த தப்புக்கு இன்னொருத்தியை அடித்தார்கள். அம்மா ஒருத்திதான் ஒருநாளும் தவறியதில்லை. இருட்டில், போர்வைக்குள், போனில் மூச்சு விடுகிற சத்தத்தில்கூடக் கண்டுபிடித்துவிடுவாள்.

அந்த அம்மா இப்போது சின்னவளின் கன்னத்தைத் தடவி, "நீ ஏதாவது சாப்பிட்டியா பெரியவளே?" என்றாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"அம்மா, நான் சின்னவ."

"ம்," என்றாள் அம்மா. கையை விடவில்லை.

அந்த நேரம் பார்த்து அலமாரி மேலிருந்த பெரியவளின் போன் மறுபடியும் அலறியது. காலையிலிருந்து எத்தனை தடவை என்று கணக்கில்லை. வாயை அடைக்கலாம் என்று சின்னவள் அதைக் கையில் எடுத்தாள். அது அவள் முகத்தைப் பார்த்தது, பூட்டைத் திறந்து உள்ளே வா என்றது. இதற்கும் தெரியவில்லை. திரை முழுக்க ஒரே பெயர் வரிசையாக நின்றது: பரபரப்பு.

பெரியவளோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவருக்குப் பெரியவள் வைத்த பெயர் அது. அவர் நடக்க மாட்டார், ஓடுவார். பேச மாட்டார், கொட்டுவார். சின்னவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள்.

"மேடம், நீங்க அவங்க தங்கச்சிதானே? இந்த நேரத்துல கேக்கக்கூடாதுதான். கேக்கலன்னா அவங்க என்னை மன்னிக்க மாட்டாங்க. இன்னைக்குத்தான் கடைசி சோதனை. மீனுங்களுக்கு இன்னைக்கு ஒரு வயசு. நாளைக்கு இந்தத் தொட்டியெல்லாம் வேற ஆளுக்குப் போயிடும். ஒரு வருஷ உழைப்பு மேடம்!"

"நீங்களே பண்ணிடுங்களேன்."

"அங்கதான் சிக்கல். கண்ணாடி முன்னாடி எப்பவும் உக்கார்றது அவங்கதான். மீனுங்க அந்த முகத்துக்குப் பழகிடுச்சு. என் தாடியைப் பாத்தா ஓடி ஒளிஞ்சுக்கும். நீங்க… நீங்க அச்சு அசல் அவங்க மாதிரியேதானே இருக்கீங்க? மீனுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகுது?"

சின்னவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தாள். ஒரே மாதிரி இருப்பதெல்லாம் ஒன்றல்ல என்று நிரூபிக்க ஒரு வருஷம் மீன் வளர்த்த இடத்திலிருந்து இப்படி ஒரு யோசனை! பெரியவள் இருந்திருந்தால் அவர் தலையில் நங்கென்று ஒன்று வைத்திருப்பாள்.

அந்த மீன்களைப் பற்றி அவளுக்குத் தெரியும். காரில் ஏறினாலே பெரியவளுக்கு அதே பேச்சுதான். விரல் நீளத்தில் சாம்பல் நிற மீன். முட்டை இடாது, குட்டி போடும். குட்டிகள் எல்லாம் பெண். எல்லாம் தாயின் நகல், அப்பாவின் பங்கு பேருக்குத்தான். ஒரே தாயின் குட்டிகளை, பிறந்த அன்றே தனித்தனித் தொட்டியில், ஒரே தண்ணீர், ஒரே வெளிச்சம், ஒரே தீனி கொடுத்து வளர்த்தாள். அப்படியும் முதல் நாளே ஒன்று துள்ளியது, ஒன்று பதுங்கியது.

"நீயும் நானும் மாதிரிடீ," என்று குதித்துக்கொண்டு சொன்னாள் பெரியவள். "நகல்லயே இவ்வளவு வித்தியாசம்!"

"இருந்துட்டுப் போகட்டும். அதனால யாருக்கு என்ன?"

"என்னவா? ஒரு குளத்துல ஆயிரம் மீன் இருக்குன்னு எண்ணிட்டுப் போயிடுறாங்க. ஆயிரமும் ஒரே மாதிரி ஓடுதுன்னா ஒரே வலையில எல்லாம் காலி. நாலு முந்திரிக்கொட்டை, நாலு பயந்தாங்கொள்ளி, நாலு சோம்பேறி கலந்து இருந்தாத்தான் புதுசா ஏதாவது ஆபத்து வரும்போது யாராவது தப்பிப்பாங்க. தலையை மட்டும் எண்ணினா போதாது. யாரு யாருன்னு பாக்கணும்."

அது உண்மையா என்று பார்க்கும் நாள் இன்று. சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வரேன்," என்றாள் போனில்.

வீட்டில் பூகம்பம் வெடித்தது. "பொணத்தை நடுவீட்டுல போட்டுட்டு மீன் பாக்கப் போறாளாம்! ஊர் சிரிக்காது?" என்று அத்தை குதித்தாள். பெரியவளை எடுத்துப்போக வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அத்தைக்கு நேரம் ஒரு பொருட்டே இல்லை. பெரியவளின் கணவர், சின்னவளுக்கு மாமா, மூலையில் இருந்து எழுந்து வந்தார். "நானும் வரேன். இங்கயே உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்," என்றார். சின்னவள் அம்மாவிடமிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"சீக்கிரம் வந்துடு பெரியவளே," என்றாள் அம்மா.

கற்றுக்கொடுக்கும் காரில் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும். மாணவர்கள் எங்காவது கொண்டுபோய் முட்டப்போனால் ஆசிரியர் அழுத்துவதற்கு. அந்த இருக்கையில் மாமா உட்கார்ந்திருந்தார். சின்னவள் விரட்டினாள். அவள் வாழ்நாளில் மாணவர்களை எதற்கெல்லாம் திட்டினாளோ அதையெல்லாம் செய்தாள். முதல் திருப்பத்திலேயே கார் குலுங்கி நின்றது.

"மாமா, காலை எடுங்க."

"நான் ஒண்ணும் அழுத்தலையே."

"பின்ன வண்டி தானா நின்னுச்சா?"

அடுத்த திருப்பத்திலும் நின்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான். மாமா இரண்டு காலையும் தூக்கி இருக்கையின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். அந்தக் கோலத்தைப் பார்த்துச் சின்னவளுக்கு அடக்க முடியவில்லை. அவருக்கும்தான். சாவு வீட்டிலிருந்து வந்த இரண்டு பேர் நட்டநடுத் தெருவில் காரை நிறுத்திக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவளும் இப்படித்தான் ஓட்டுவா," என்றார். "இல்ல. உன்னைவிட மோசமா."

பரபரப்பு வாசலிலேயே நின்றார். கும்பிடுவதா, கையைப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பாதிப் பாதி செய்துவிட்டுக் கீழ்த்தளத்துக்கு ஓடினார். காற்றுக் குழாய்கள் முணுமுணுக்கும் அறை. நடுவில் இரண்டு நீளத் தொட்டிகள். ஒவ்வொன்றின் ஒரு கோடியில் உடைந்த மண்சட்டிகள் அடுக்கியிருந்தன, மீன்கள் ஒளிந்துகொள்ள. மறுகோடியில், கண்ணாடியை ஒட்டித் தீனி போடும் வளையம்.

"தனித்தனியா வளந்ததுங்களைக் குணம் பாத்து இப்படிச் சேத்து விட்டிருக்கோம். முதல் தொட்டியில துணிச்சல்காரிங்க மட்டும். எல்லாம் முந்திரிக்கொட்டை. நான் இதுமேலதான் பந்தயம் கட்டியிருந்தேன். ரெண்டாவதுல கலப்படம், எல்லா ரகமும் உண்டு. அது உங்க அக்கா கட்சி. மேல அட்டையை இழுப்பேன், பறவை நிழல் மாதிரி விழும். எல்லாம் ஓடி ஒளிஞ்சுக்கும். அப்புறம் தீனி. எந்தத் தொட்டி முதல்ல வெளிய வந்து சாப்பிடுதுன்னு பாக்கணும். நீங்க சும்மா உக்காந்தா போதும்."

கதவுக்குப் பின்னால் பெரியவளின் நீலக் கோட்டு தொங்கியது. சின்னவள் மாட்டிக்கொண்டாள். கழுத்துப் பட்டியில் அவள் வாசனை இருந்தது. அதற்குமேல் மூச்சை இழுக்காமல் பொத்தானைப் போட்டு, தன் பையிலிருந்த பெரியவளின் போனைக் கோட்டுப் பைக்கு மாற்றிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

முதல் தொட்டியின்மேல் நிழல் ஓடியது. மீன்கள் மின்னி மறைந்தன. பரபரப்பு தீனியைத் தூவினார்.

உடனே வந்தன. பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவருமே, அப்படி. பரபரப்பு கையை ஓங்கி, "பாத்தீங்களா!" என்று வாயசைத்தார். கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் எல்லாம் ஒரே இடத்தில் நின்றன. சின்னவளைப் பார்த்தன. அவளும் பார்த்தாள். ஒரே ஒரு வெட்டு, அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் திரும்பிச் சட்டிக்குள் போய்விட்டது. தீனி ஒவ்வொரு துணுக்காக ஊறி அடியில் போய்ப் படுத்தது. ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சுபோச்சு," என்றாள் சின்னவள்.

அப்பாவுக்குத் தெரியாதது, வாத்தியார்களுக்குத் தெரியாதது, அக்காவின் போனுக்கே தெரியாதது இந்த விரல் நீள மீன்களுக்குத் தெரிந்துவிட்டது. இவள் அவள் இல்லை. நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று சட்டென்று இறங்கியதில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த நாளில் இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்றுகூட யோசிக்கத் தோன்றவில்லை.

பரபரப்பு தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு. ஒரு வருஷம் போச்சு. நான் ஒரு முட்டாள்."

"இருங்க சார். இன்னொரு தொட்டி இருக்கே."

"அதுல இருக்கிறதும் இதே குடும்பம்தான் மேடம்."

"இழுங்க அட்டையை."

இரண்டாவது தொட்டியில் நிழல் விழுந்தது, தீனி விழுந்தது. அடையாளத்துக்காக முதுகில் சிவப்புப் புள்ளி வைத்த ஒன்று அம்பாகப் பாய்ந்து வந்தது. நின்றது. பார்த்தது. திரும்பி ஓடியது. அதன் பின்னால் வந்த இன்னும் இரண்டும் அப்படியே. தொட்டி வெறிச்சோடியது. பரபரப்பு ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார். மாமா மட்டும் கண்ணாடியில் மூக்கு படாத குறையாகக் குனிந்திருந்தார்.

"அங்க ஒண்ணு," என்றார் மெல்ல.

சட்டியின் விளிம்பில் ஒரு மூக்கு. முதுகில் மஞ்சள் புள்ளி. அது ஆரம்பத்திலேயே ஓடிவரவில்லை, அதனால் பயந்து திரும்பவும் இல்லை.

"யோசனைக்காரி," என்றார் பரபரப்பு. "எப்பவும் கடைசி அவதான். ஒரு வருஷத்துல ஒரு நாள்கூட முதல்ல வந்ததில்ல. இது எதுக்கும் லாயக்கில்ல, வேற தொட்டிக்கு மாத்திடலாம்னு நான்தான் சொன்னேன். உங்க அக்கா விடல."

யோசனைக்காரி சுவரை ஒட்டி வந்தாள். நின்றாள். துடுப்பை அசைத்துக்கொண்டு அதே இடத்தில் மிதந்தாள். மறுபடி கொஞ்சம். சின்னவள் மூச்சு விடவில்லை. வா, வாடி என் தங்கமே, வா. கண்ணாடியை ஒட்டி வந்து மீன் தன் பக்கவாட்டைத் திருப்பியது. மிளகு அளவுக் கண். அந்தக் கண் அவளை முழுசாக, அவசரமே இல்லாமல் பார்த்தது. பார்த்து முடித்ததும் ஒரு துணுக்கைக் கவ்வியது. துப்பியது. மறுபடியும் கவ்வியது. விழுங்கியது.

பின்னால் ஒன்று வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் சிவப்புப் புள்ளிக்காரி, முதலில் வந்ததே தான்தான் என்பதுபோல எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு. தொட்டி கொந்தளித்தது. தீனி வளையம் முழுக்க மீன் வாயாக இருந்தது. பக்கத்துத் தொட்டியில் இன்னமும் ஒரு அசைவு இல்லை.

பரபரப்பு எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. "வந்துட்டா! அவ வந்துட்டா! பாருங்க, அந்தத் தொட்டி பட்டினி, இந்தத் தொட்டி விருந்து! ஒரே தாய், ஒரே நகல்! பழகின முகம்னா முந்திரிக்கொட்டைங்க ஜெயிக்கும். புது ஆள் வந்தா? புது ஆபத்து வந்தா? இப்படி ஒருத்தி வேணும்! நாங்க இப்படி ஒரு சோதனையை நினைச்சுக்கூடப் பாக்கலையே! உங்க அக்கா சொன்னது சரி, நூத்துக்கு நூறு சரி!" மாமாவைக் கட்டிப்பிடித்தார். சின்னவள் இரண்டு கையையும் தட்டிக்கொண்டு குதித்தாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "இருங்க, இருங்க, முதல்ல அவங்ககிட்ட சொல்லணும்," என்று பரபரப்பு போனை எடுத்து எண்ணை அழுத்தினார்.

சின்னவளின் கோட்டுப் பைக்குள் மணி அடித்தது.

அது அடித்துக்கொண்டே இருந்தது. மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சின்னவள் போனை வெளியே எடுத்தாள். திரையில் எழுதியிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"என்னை இப்படியா போட்டு வெச்சிருக்காங்க?" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைக்க ஆரம்பித்தார்.

கிளம்பும் முன் மாமா முதல் தொட்டியின் கண்ணாடியைத் துணியால் மூடச் சொன்னார். ஆள் தெரியாவிட்டால் அதுகளும் வந்து சாப்பிடுமே, பாவம் என்றார். திரும்பும் வழியில் கார் எங்கும் நிற்கவில்லை.

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றிருந்தது. அத்தை வாயைத் திறப்பதற்குள் சின்னவள் அவளைத் தாண்டி உள்ளே ஓடி, அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். இன்னும் மூச்சு வாங்கியது. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியா பெரிய…"

"அம்மா, கேளு. அவ கோட்டைப் போட்டுக்கிட்டு அவ இடத்துல உக்காந்தேன். எல்லா மீனும் ஓடிவந்துச்சு. வந்து என் மூஞ்சியைப் பாத்துச்சு. பாத்துட்டு ஓடியே போயிடுச்சும்மா. நான் அவ இல்லன்னு கண்டுபிடிச்சிடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் அப்புறம் வந்துச்சு. அதுவும் அவன்னு நினைச்சு வரல. நான் யாருன்னு பாக்க வந்துச்சு. அவ சொன்னதெல்லாம் சரியா நடந்துச்சும்மா. நீ பாத்திருக்கணும்."

அம்மா அவளைப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, தாடை என்று ஒவ்வொன்றாக, இன்றைக்குத்தான் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள். வெளியே வண்டிக்காரர் யாரிடமோ நேரம் கேட்டார்.

அம்மா கையை விட்டாள். முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். நேற்றிலிருந்து முதல் தடவையாகக் கூடத்தின் நடுவுக்கு நடந்து போய்ப் பெரியவளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"யாரு இவளுக்குத் தலை வாரினது?" என்றாள்.

"நான்தான் அண்ணி," என்றாள் அத்தை. "சின்னவளை எதிர்ல நிக்கவெச்சு, அப்படியே பாத்துப் பாத்து வாரினேன். ஏன்?"

"இது சின்னவளோட வகிடு," என்றாள் அம்மா. "இவளுக்கு அந்தப் பக்கம்."

அம்மா பின்னால் திரும்பாமலே கையை மட்டும் நீட்டினாள்.

"சின்னவளே, சீப்பை எடு."

சின்னவள் உள்ளே போய்ச் சீப்பையும் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். அம்மா விரலை நனைத்துக் கூந்தலை மெல்லக் கலைத்தாள். நெற்றியின் மறுபக்கத்தில் சீப்பின் முனையை வைத்து, கோடு வளையாமல் பின்னால் இழுத்தாள்.